க்ஷயக் கொட்டகையில் ஓர் ஊமை உபதேசியார்

நான் பிழைத்து வந்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி சில சபைகளில் கேட்டார்கள். சாட்சி சொல்வதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் துன்பம், பிறகு ஜெபம், கடைசியில் விடுதலை, அதன்பின் எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டு. எனக்கு நடந்தது அந்த வரிசையில் நடக்கவில்லை. நின்று சொல்ல எனக்குக் குரலும் இல்லை. அதனால் எழுதுகிறேன். காசநோய்க் கொட்டகைக்குப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

என் பெயர் ஞானாபரணம். கருங்கலிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற வழியில் ஒரு சின்ன சபைக்கு உபதேசியாராக இருந்தேன். போதகர் ஐயர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி ஆராதனை, வீட்டு ஜெபம், பிள்ளைகளுக்குப் பாடம், சாவு வீடு, கல்யாண வீடு எல்லாம் என் பொறுப்பு. என் அப்பா பனையேறி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் பனையிலிருந்து தப்பினேன். எனக்கென்று சொல்ல ஒரே ஒரு சொத்து இருந்தது, தொண்டை. செவ்வாய்ச் சந்தையில் புளியமரத்தடியில் நின்று நான் பேசத் தொடங்கினால் மாட்டுச் சந்தை வரைக்கும் கேட்கும். வெண்கலத் தொண்டை உபதேசியார் என்பார்கள். அந்தப் பேரில் எனக்குப் பெருமை உண்டு.

அறுப்பின் பண்டிகை முடிந்ததும் குரல் கம்மியது. பாடிப் பாடித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆடாதோடைக் கஷாயம், மிளகும் கற்கண்டும், வைத்தியர் கொடுத்த சூரணம் எல்லாம் சாப்பிட்டேன். கம்மல் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. விடியும்போது பாய் நனைந்து கிடந்தது. கஞ்சி விழுங்கினால் காது வரைக்கும் வலி ஏறியது. என் மனைவி பாக்கியம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்."

"கர்த்தர்தான் ஆஸ்பத்திரி வச்சிருக்காரு."

நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றுபோனது. அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தபோது அதில் சிவப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சபை மூப்பர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையிலேயே குளச்சலுக்குக் கருவாட்டுக்குப் போகிற ஒரு சாயிபுவின் வண்டியைப் பாக்கியம் நிறுத்தினாள். அவர் தம் வழியை விட்டுச் சுற்றி எங்களை மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். கூலி கேட்கவில்லை. "போய்ட்டு நல்லா வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் நிரம்பியிருந்தது. வயிறு ஊதிய பிள்ளைகள், பனையிலிருந்து விழுந்து கால் நொறுங்கிய ஒருவன், கண்ணில் துணி கட்டிய பெண்கள். டாக்டர் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி உபதேசியார் நோயாளிகளுக்குப் பிரசங்கம் செய்வது வழக்கம். அன்றைக்கும் செய்தார். விசுவாசம் இருந்தால் எந்த வியாதியும் நிற்காது என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நானே எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்னதுதான். பெஞ்சின் மறுபக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. கால் நொறுங்கியவன் பிரசங்கம் முழுவதும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை. தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அப்படியே பேசுவார். என்னை ஜன்னலை மூடிய ஓர் அறைக்குள் உட்காரவைத்தார். நெற்றியில் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டார். எனக்குப் பின்னால் இருந்த விளக்கின் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு என் வாய்க்குள் விழுந்தது. காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டினார். மூச்சுக்காற்றில் அது மங்காமல் இருப்பதற்காம். என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, கண்ணாடியை அண்ணத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன, அவை வெள்ளை நாடாபோல இருக்கும், அவை சேர்ந்து அதிர்ந்தால்தான் சத்தம் என்று பிறகு அவரே ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். என்னுடையவை எலி கொறித்த ஓலைபோல ஓரம் தின்னப்பட்டிருந்தனவாம். நான் துப்பிய கோழையைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டு உருப்பெருக்கியில் பார்த்தார்கள். சிவப்புச் சிவப்பாகப் பொடிக் குச்சிகள் தெரிந்தால் அது க்ஷயம் என்கிற காசநோய். எனக்குத் தெரிந்தன.

"உபதேசியாரே, உமக்கு க்ஷயரோகம். நெஞ்சிலும் உண்டு, குரல்வளையிலும் உண்டு."

"குணமாகுமா ஐயா?"

"அறியேன். ஆனால் ஒரு காரியம் செய்யவேண்டும். இந்த நேரமுதல் நீர் பேசலாகாது."

"ஆராதனைக்கு மட்டும்..."

"ஒன்றுக்கும் ஆகாது. கிசுகிசுப்பது சத்தமாய்ப் பேசுவதைவிடக் கெடுதல். புண் ஆறும்வரைக்கும் அந்த இடம் அசையவே கூடாது. இருமல் வந்தாலும் அடக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

அவர் தம் உதட்டில் விரலை வைத்தார். "இதற்குள் இரண்டு தடவை பேசிவிட்டீர்" என்றார்.

என் குரலில் நான் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனை நாளைக்கு என்கிற கேள்வி.

பாக்கியம் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன சொன்னாவ?" என்றாள். நான் வாயைப் பொத்திக் காட்டினேன். "என்ன சொன்னாவன்னு கேக்கேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதற்குள் நர்சு வந்து அவளிடம் சொன்னாள். பாக்கியம் அழவில்லை. எழுந்து போய்க் கடையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்து என் மடியில் வைத்தாள்.

க்ஷயக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வளாகத்தின் கடைசியில் தனிக் கொட்டகை. இடுப்பளவு சுவர், மேலே பனையோலைக் கூரை, சுற்றிலும் கொல்லாமரங்கள், முந்திரிதான். காற்று நான்கு பக்கமும் வரவேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் கட்டில்களை நடுவுக்கு இழுத்துக்கொள்வோம். வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும். பிள்ளைகள் வேலிக்குப் பக்கத்திலும் வரக்கூடாது.

வைத்தியம் என்று மூன்று செய்தார்கள். முதலாவது, நெஞ்சுக்குக் காற்று போடுவது. விலா எலும்புகளுக்கு இடையில் ஓர் ஊசியை இறக்கி, ரப்பர்க் குழாய் வழியாக இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர் ஏறி இறங்க, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்றை அனுப்புவார்கள். நுரையீரல் சுருங்கி வேலை செய்யாமல் படுத்துவிடும். கை முறிந்தால் அசையாமல் கட்டுவது போல என்றார் துரை. அந்தக் காற்றை உடம்பு மெல்ல இழுத்துக்கொள்ளும் என்பதால் திரும்பத் திரும்பப் போடவேண்டும். இரண்டாவது, தொண்டைக்குள் மரத்துப்போகிற மருந்தைத் தடவிவிட்டு, மின்சாரத்தில் சிவக்கக் காய்ந்த கம்பியால் புண்ணைத் தொடுவது. வலி அப்போது தெரியாது. ஆனால் என் சதை எரிகிற வாடை என் மூக்குக்குள்ளேயே எழும்பும். அடுத்த நாள் முழுக்க வலிக்கும், கத்தவும் முடியாது. மூன்றாவது, பேசாமல் இருப்பது. மூன்றில் கடினமானது அதுதான்.

விழுங்குவது இன்னொரு பாடு. தண்ணீர் இறங்கினாலும் கத்தி இறங்குவது போலிருக்கும். நர்சு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே வைத்த கஞ்சியைப் பப்பாளித் தண்டால் உறிஞ்சவேண்டும். அப்படிக் குடித்தால் கஞ்சி புண்ணைத் தொடாமல் ஓரமாக இறங்கும். நான் அப்படித்தான் சாப்பிட்டேன், மாடு தொட்டியில் குடிப்பதுபோல. முதல் நாள் அப்படிக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓய் உபதேசியாரே" என்றான். "உம்ம எனக்குத் தெரியும். கருங்கல் சந்தையில புளிய மூட்டில நின்னு எங்கள விளாசுவீரே. அய்யாவக் கும்பிடுதவன் எல்லாம் நரகத்துக்குத்தான்னு சொன்னீரு. நான் கருப்பட்டிக் கடவத்த இறக்கி வச்சிட்டு நின்னு கேட்டேன். என்ன சத்தம் ஓய் அது!"

அவன் பெயர் நாராயணன். மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பனையேறி, அய்யாவழிக்காரன். தலையில் உருமால் கட்டியிருப்பான். நெற்றியில் புருவ நடுவிலிருந்து மேலே போகிற வெள்ளை நாமம், விளக்குச் சுடர் மாதிரி. அவர்கள் கோயிலாகிய பதியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மண்ணை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்தான். காலையில் எழுந்ததும் முகம் கழுவி, "அய்யா சிவசிவா" என்று சொல்லி அதை இட்டுக்கொள்வான். பெண்டாட்டி இல்லை. அண்ணன்மார் அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், திரும்ப வரவில்லை.

நான் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். அவன் சிரித்தான். "எனக்கு எழுத்து தெரியாதுவே" என்றான். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. இனி அவன் பேசுவான், நான் கேட்கவேண்டும்.

ஆகாரத்தைப் பற்றிச் சொன்னேன், ஜெபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்தால் மனதுக்குள் இன்னும் நன்றாக ஜெபிக்கலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடினேன். "பரிசுத்தமுள்ள பிதாவே" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. சபையில் நின்றால் அரைமணி நேரம் தடையில்லாமல் ஜெபித்தவன் நான். கேட்க ஆள் இல்லாதபோது எனக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. நான் இதுவரை ஜெபித்ததெல்லாம் கர்த்தருடைய காதுக்கா, மூப்பர்களுடைய காதுக்கா? அந்தக் கேள்வி என்னை நோயைவிட அதிகமாக அரித்தது. வேதத்தில் ஊமையாகிப்போன ஓர் ஆசாரியன் உண்டு. அவனுக்கு ஒரு பிள்ளை வாக்குத்தத்தமாக இருந்தது, அது பிறந்ததும் வாய் திறந்தது. எனக்கு ஒரு வாக்கும் இல்லை.

கொட்டகையில் செத்துப்போகிறவர்கள் அடிக்கடி உண்டு. காலையில் ஒரு கட்டில் காலியாக, பாயில்லாமல், பினாயில் வாடையோடு இருக்கும். கேட்கமாட்டோம்.

நாங்கள் துப்புகிற கிண்ணங்கள்தான் கிருமி பரப்புகிறவை என்று துரை சொல்வார். அவற்றைக் கழுவ ஆள் கிடைப்பதில்லை. ஒருநாள் கூரை மாற்ற வெட்டிவந்த ஓலைகளில் ஒரு குருத்து கீழே விழுந்து கிடந்தது. நான் எடுத்துப் பதநீர் குடிக்கிற பட்டைபோல மடக்கிக் கட்டினேன், கிண்ணம் அளவுக்குச் சின்னதாக. அப்பாவின் கையைப் பார்த்துப் பழகிய வேலை, மறந்துபோகவில்லை. சிலேட்டில், 'இதில் துப்பி, இதோடு எரித்துவிடலாம்' என்று எழுதித் துரையிடம் காட்டினேன். அவர் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேலை வந்தது. படுத்தபடியே செய்யக்கூடிய வேலை.

நாராயணனும் சேர்ந்துகொண்டான். "நம்ம ஆளுதானா நீரு!" என்று வியந்தான். "பனையேறிக்க மவனா? அத அன்னைக்குச் சந்தையில சொல்லல்லியே." இரண்டு பேரும் ஓலை மடக்குவோம். அவன் தன் பனைகளைப் பற்றிச் சொல்வான். எந்தப் பனை பாளைவிடும், எது ஏமாற்றும், எதன் உச்சியில் இருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று. அந்த நாட்களில் நான் கொஞ்சம் மனுஷனாக இருந்தேன். சாயங்காலம் எரிக்கப்போகிற பொருளைக் காலையில் உட்கார்ந்து செய்வது என்ன வேலை என்று சில சமயம் தோன்றும். ஆனாலும் செய்வேன். ஓலை கையில் இருக்கும்வரை கண்ணை மூடிப் பயப்பட நேரமில்லை.

பாக்கியம் வாரத்தில் ஒருநாள் வருவாள். சபைக்காரர்கள் கொடுத்துவிட்ட மரச்சீனிக் கிழங்கும் முட்டையும் கடகப்பெட்டியில் இருக்கும். அவள் காதில் கம்மல் போய் வேப்பங்குச்சி இருந்ததை நான் பார்த்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு இப்போது அவள்தான் பாடம் சொல்கிறாள், வீட்டு ஜெபத்துக்கும் அவள்தான் போகிறாள் என்று மட்டும் சொன்னாள். ஒருதரம் மகளைக் கூட்டிவந்தாள். செல்லக்கனிக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. தூரத்தில் கொல்லாமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். நான் சுவரோரம் எழுந்து நின்று கையைத் தூக்கினேன்.

"அப்பா!" என்று கூப்பிட்டாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பா, இஞ்ச வாங்க!"

நான் கையை ஆட்டினேன்.

அவள் அம்மாவைப் பார்த்து, "எனக்க கூட ஏன் பேசேல்ல? நான் என்ன செய்தேன்?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. பாக்கியம் குனிந்து என்னவோ சொன்னாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மரத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டது. அவர்கள் போகும்வரை அது முகத்தைக் காட்டவில்லை. அதன்பின் அவளைக் கூட்டிவரவேண்டாம் என்று நான் எழுதினேன்.

மழைக்காலத்தில் நாராயணனுக்கு முற்றியது. பேச்சு குறைந்தது. ஓலை கையிலிருந்து நழுவியது. ஒருநாள் காலையில் சிரட்டையை எடுக்கக் கையை நீட்டினான், கை பாதிவழியில் விழுந்தது. மறுபடி நீட்டினான். அந்தப் பக்கம் வந்த நர்சிடம், "அம்மா, இதக் கொஞ்சம் நெத்தியில இட்டு விடுங்க" என்றான். அவள் நல்ல பெண், எங்கள் சபைப் பெண். "அது மட்டும் என்னால ஆகாது அண்ணாச்சி, வேற எதுண்ணாலும் செய்யுதேன்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நானும் மாட்டேன் என்றுதான் தலையை ஆட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இது இல்லாம எப்பிடிவே அய்யா முன்னால போவேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்தக் குறியை எதிர்த்துத்தான் நான் சந்தையில் கத்தினேன். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கர்த்தரிடம் கேட்டேன். மழை மட்டும் கூரையில் பெய்துகொண்டிருந்தது. நான் எழுந்து, சிரட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மண்ணைக் குழைத்தேன். அவன் உருமாலைச் சற்று மேலே தள்ளினேன். புருவ நடுவில் விரலை வைத்து மேலே இழுத்தேன். கோடு கோணலாகப் போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி இட்டேன்.

அவன் கண்ணைத் திறந்தான். "நேரா இருக்கா?" என்றான்.

நான் தலையசைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் இட்டேன். ஒருநாள் காலை நான் அப்படிக் குனிந்திருக்கும்போது வேலிக்கு வெளியே என் சபை மூப்பரும் இன்னொருவரும் கிழங்குப் பெட்டியோடு நின்றதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. பெட்டியை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சில நாளில் நாராயணன் செத்துப்போனான். அண்ணன்மாருக்கு ஆள் அனுப்பியும் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். அய்யாவழிக்காரர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியும். படுக்கவைத்துப் புதைக்கமாட்டார்கள். தவத்தில் இருக்கிறவன்போலக் காலை மடக்கி உட்காரவைத்து, முகம் வடக்கே பார்க்கப் புதைப்பார்கள். நான் அதைச் சிலேட்டில் எழுதித் துரையிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியே செய்யுங்கள்" என்று குழிவெட்டுகிறவர்களிடம் சொன்னார். அவர்கள் பிணத்தைத் தொடப் பயந்தார்கள். நான் குழிக்குள் இறங்கி அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், மண் தோள்வரை வந்து அவன் சாயாமல் உட்காரும்வரை. ஒரு ஜெபமும் வரவில்லை. அவனுடைய சொல்லையும் என்னால் சொல்ல முடியாது, என்னுடைய சொல்லும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு இரத்தம் கொட்டியது. கையளவு அல்ல, பாத்திரம் நிறைய. நெஞ்சில் மணல்மூட்டை வைத்து அசையக்கூடாது என்று கிடத்தினார்கள். துரை என்மேல் கோபமாக இருந்தார். "உமது நெஞ்சுக்குள் நான் கட்டியதையெல்லாம் நீர் உடைத்துவிட்டீர்" என்றார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஓலை தொடவும் அனுமதியில்லை. அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சாகவேண்டும் என்று விரும்பினேன். அதை ஒரு ஜெபமாகச் சொல்லக்கூடத் தெம்பில்லை. சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டதாகச் சொல்வார்கள். நான் காணவில்லை. காலையில் நர்சு ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தாள். பாக்கியம் வந்து வேலிக்கு வெளியே மழையில் ஓலைக்குடையோடு நின்றாள். என்னால் எழுந்து பார்க்க முடியாது என்று தெரிந்தும் நின்றுவிட்டுப் போனாள் என்று பிறகு நர்சு சொன்னாள். நான் கண்டது அவ்வளவுதான்.

எப்படியோ இரத்தம் நின்றது. காற்று போடுவதை மறுபடி தொடங்கினார்கள். கோழையில் சிவப்புக் குச்சிகள் குறைந்தன, பிறகு பல தடவை பார்த்தும் காணவில்லை. வெயில் காலம் வந்தபோது துரை மறுபடியும் அந்தச் சின்னக் கண்ணாடியைச் சூடு காட்டி என் தொண்டையைப் பார்த்தார்.

"ஆறிவிட்டது" என்றார். "ஆனால் ஒரு மடிப்பு தழும்பாகி அசையாமல் நின்றுவிட்டது. பழைய குரல் வராது. இப்பொழுது ஏதாவது சொல்லும்."

பாக்கியம் கதவருகில் நின்றிருந்தாள். நான் அவள் பெயரைச் சொன்னேன். மணலைச் சல்லடையில் சலிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரோ பேசியதாக நினைத்து.

போதகர் ஐயர் ஊருக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டனுப்பினார். மூப்பர்களும் இருந்தார்கள். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு ஒரு வழி வைத்துத்தான் பேசினார்.

"உபதேசியாரே, வியாதியில் கிடந்தீர். புத்தி தெளிவில்லாமல் ஏதாவது நடந்திருக்கலாம். அந்த ஆளுக்கு நீர் நாமம் இட்டதாகச் சொல்கிறார்கள். காய்ச்சல் மயக்கத்தில் நடந்தது என்று சொல்லிவிடும். முடிந்துபோகும்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மயக்கம் என்று ஒரு சொல் போதும். உபதேசியார் வேலை இருக்கும், கோயிலை ஒட்டின வீடு இருக்கும்.

"மயக்கமில்ல ஐயரே" என்றேன். "தெளிவாத்தான் இட்டேன்."

"அவன் கேட்டானா?"

"கேக்கல."

"பிறகு ஏன்?"

எனக்கு வேதவாக்கியம் ஒன்றும் தோன்றவில்லை. "அவனால கையைத் தூக்க முடியல்ல" என்றேன். அதற்குமேல் சத்தம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் வேறு உபதேசியார் வந்தார். வீட்டை விட்டுக் கொடுத்தோம். பாக்கியம் பாயைச் சுருட்டிக்கொண்டு, "நீங்க இட்டது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல்ல" என்றாள். "பொய் சொல்லாதது நல்லது."

துரை என்னைக் கொட்டகையில் வேலைக்கு எடுத்துக்கொண்டார். இப்போது அங்கேதான் இருக்கிறேன், ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே ஒரு குடிசை. ஓலை மடக்குகிறேன், எரிக்கிறேன், பாய்களை வெயிலில் போடுகிறேன், குப்புறப் படுத்துக் கஞ்சி குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கையைத் தூக்க முடியாதவர்களுக்கு அவர்கள் கேட்பதைச் செய்கிறேன், அவர்கள் யாரானாலும். காற்று போடாத என் மற்ற நுரையீரலில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று துரை போனமுறை சொன்னார். ஆண்டவர் என்னை எதற்காக இருத்தி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பல நாள் அவர் இருக்கிறாரா என்பதே ஓலையை மடக்கி முடிக்கிறவரைக்கும் தெரிவதில்லை. மடக்கி முடித்ததும் அடுத்த ஓலையை எடுக்கிறேன்.

என் குரல் சாயங்காலம்வரை தாங்காது. கட்டில் கட்டிலாகப் போய்த் தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்கிறாயா என்று கேட்பதிலேயே தீர்ந்துபோகும். வீட்டு ஜெபத்தை இப்போது செல்லக்கனி செய்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்காக, ஆடுகளுக்காக, கொட்டகையில் கிடக்கிறவர்களுக்காக எல்லாம் கேட்டு முடிக்கிறாள். முடிந்ததும் நான் ஆமென் சொல்லவேண்டும். அது அவளுக்குக் கேட்காது. அதனால் என் தொண்டையில் கையை வைத்துக்கொள்வாள், உள்ளே அசைவது விரலில் தெரிந்தால் கண்ணைத் திறப்பாள். சில நாள் அந்த அசைவும் வருவதில்லை. அப்போதும் அவள் கையை எடுப்பதில்லை. கண்ணை மூடியபடியே காத்திருப்பாள்.